மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் யாரை நம்புவது?

கேள்வி: நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து துணி துவைக்கும் பொடி தயாரிக்கிறோம். இப்போது பல அடுக்கு பிளாஸ்டிக் பையில் அடைத்து விற்கிறோம். அதை மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள், எங்களுக்கும் மனசு உறுத்துகிறது. விசாரித்தால் ஒருவர் மக்கும் பை என்கிறார், ஒருவர் காகிதம் என்கிறார், இன்னொருவர் ஒரே வகை பிளாஸ்டிக்கில் பை செய்தாலே போதும் என்கிறார். எங்களில் யாருக்கும் பேக்கேஜிங் படிப்பு கிடையாது. யாரிடம் போய்க் கேட்பது?

பதில்: அந்த மூன்று பேரும் என்ன விற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள் சகோதரி. மக்கும் பை விற்பவர் மக்கும் பையைத்தான் சொல்வார். அதில் தப்பில்லை. அவருடைய சரக்கைப் பற்றி அவருக்குத்தான் நன்றாகத் தெரியும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எந்தச் சரக்கு உங்களுக்கு வேண்டும் என்பதை அவரிடம் கேட்காதீர்கள்.

பேக்கேஜிங் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஒரு சிறு நிறுவனத்தார் மக்கும் பை ஆயிரக்கணக்கில் அச்சடித்த பிறகு எங்களிடம் வந்தார்கள். உள்ளே இருந்த பொடி கல்லாக இறுகியிருந்தது. கையில் சான்றிதழ் வைத்திருந்தார்கள். வாங்கிப் படித்தால், அது பை செய்யப் பயன்படும் பிளாஸ்டிக் குருணைக்குக் கொடுத்த சான்றிதழ். மையும் பசையும் சேர்ந்து, அச்சாகி வந்த பையைப் பற்றி அது பேசவே இல்லை. அந்த நிறுவனத்தை நடத்திய அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எங்களிடம் ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் பத்துப் பைகளோடு முடிந்திருக்கும்.

அதனால் சொல்கிறேன், நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் குப்பை பிரிக்கும் கூடம். ஒரு நாள் காலையில் போய் நில்லுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் வீசும் பை எங்கே போகிறது, எதை எடுத்து வைக்கிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். அவர்களைவிடப் பெரிய நிபுணர் இந்த விஷயத்தில் கிடையாது. தானியங்கி எந்திரம் இருக்கும் கூடமென்றால், அகச்சிவப்புக் கதிரால்தான் பிளாஸ்டிக் வகையைக் கண்டுபிடிக்கும். கரித்தூள் கலந்த கறுப்பு பிளாஸ்டிக் அதன் கண்ணில் படாது. உங்கள் பையின் நிறத்தை முடிவு செய்யும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

மக்கும் பைக்கும் இதே கேள்விதான். ஈ.என். 13432 என்ற ஐரோப்பியத் தரம், தொழில்முறை உரக்கூடத்துக்கானது. அங்கே இருப்பது போன்ற ஏறக்குறைய 58 டிகிரி சூட்டில் சோதிப்பார்கள். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சக் கூடாது. அப்படிப்பட்ட உரக்கூடம் உங்கள் பையை வாங்கிக்கொள்ளுமா? வாங்காதென்றால், வீட்டுத் தொட்டியில் மக்கும் என்று தனியாகச் சான்று பெற்ற பையாவது வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

அடுத்து பரிசோதனைக் கூடம். உங்கள் பொடிக்கு எதிரி ஈரம். பல அடுக்குப் பையில் அலுமினியத் தாள் இருந்தால், அது அங்கே இருப்பதே ஈரத்தைத் தடுக்கத்தான். அதை எடுத்துவிட்டு வெறும் காகிதம் போட்டால் என்ன ஆகும் என்பதை யாருடைய வாய்ப்பேச்சும் சொல்லாது, நீராவி எவ்வளவு ஊடுருவுகிறது என்ற சோதனைதான் சொல்லும். 38 டிகிரி சூடு, 90 சதவீத ஈரப்பதம் என்று வைத்து, ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு நாளில் எத்தனை கிராம் போகிறது என்று அளப்பார்கள். பழைய பையையும் கூடவே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள், ஒப்பிட ஓர் எண் கிடைக்கும். பொடி கெட்டுக் கொட்டப்பட்டால், அதைத் தயாரிக்கச் செலவான அத்தனையும் சேர்ந்து வீண். அது பையைவிடப் பெரிய நஷ்டம்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஆலோசகர். பேக்கேஜிங் பாடம் நடத்தும் கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் வழிகாட்ட, மாணவர்கள் ஆறு மாதத் திட்டமாக எடுத்துச் செய்வார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர்கள் நாள் கணக்கில் வருவார்கள். யாராக இருந்தாலும் முதலில் ஒரு சின்ன வேலை மட்டும் கொடுங்கள். ‘பை விற்பவர்களிடமிருந்து உங்களுக்குக் கமிஷன் உண்டா?’ என்று நேரடியாகக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ‘எது உங்களுக்குத் தெரியாது?’ என்றும் கேளுங்கள். எல்லாம் தெரியும் என்பவரை நான் வேலைக்கு வைக்க மாட்டேன்.

‘எங்கள் பைதான் சுற்றுச்சூழலுக்கு நல்லது’ என்று மற்றவர்களோடு ஒப்பிட்டு விளம்பரம் செய்யும் எண்ணம் இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அதற்கு வாழ்க்கைச் சுழற்சி ஆய்வு வேண்டும், அதாவது மூலப்பொருள் எடுப்பதிலிருந்து குப்பையாவது வரை பையால் சுற்றுச்சூழலுக்கு வரும் பாதிப்பைக் கணக்கிடுவது. அப்படி ஒப்பிட்டு வெளியே சொல்வதானால் தனிக் குழு அதைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது அந்த ஆய்வுக்கான ஐ.எஸ்.ஓ. 14044 என்ற சர்வதேசத் தரம். உங்கள் அளவுக்கு இப்போது அது தேவையில்லை.

அவரே கேட்ட இன்னொரு கேள்வி: வெளியாளிடம் எல்லாவற்றையும் சொன்னால் எங்கள் செய்முறை போய்விடாதா?

பதில்: செய்முறையைச் சொல்லவே வேண்டாம். பொடியின் ஈர அளவு, துகள் எவ்வளவு பொடிசு, வாசனை வெளியேறுமா, எத்தனை மாதம் தாங்க வேண்டும், எத்தனை கிராம் அடைக்கிறீர்கள், கையால் அடைக்கிறீர்களா எந்திரத்திலா – இவ்வளவையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு கொடுங்கள்.