ராத்திரி ஷிப்டில் ஹேண்ட் ரப் ஏன் தீர்கிறது?

கேள்வி: தென்காசிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் 10 கட்டில் ஐசியூவுக்குப் பொறுப்பு செவிலியராக இருக்கிறேன். கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் திரவமான ஹேண்ட் ரப் மாதம் 30 பாட்டில் (500 மி.லி.) தருகிறார்கள். அதுவே அதிகம் என்கிறது நிர்வாகம். ஆனால் நடுராத்திரியில் கட்டில்களில் உள்ள பாட்டில்களில் பாதி காலி, ஸ்டோரும் பூட்டு. என்ன செய்யலாம்?

பதில்: நிர்வாகம் எங்கிருந்து கணக்கெடுக்கிறது என்பது புரிகிறது. 1000 நோயாளி-நாட்களுக்குக் குறைந்தது 20 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல், அதாவது ஒரு நோயாளிக்கு நாளுக்கு 20 மி.லி. உங்களிடம் பத்துக் கட்டிலுக்கு மாதம் 15 லிட்டர், அதாவது ஒரு நோயாளிக்கு நாளுக்கு 50 மி.லி. அதனால் தாராளமாகத் தெரிகிறது. ஆனால் அது மருத்துவமனை முழுவதற்குமான குறைந்தபட்ச அளவு, ஐசியூவுக்குப் பொருந்தாது.

ஒரு தடவைக்கு 3 மி.லி. வைத்தால், 50 மி.லி. என்பது 16 தடவைதான். வென்டிலேட்டர் நோயாளிக்கு மணிக்கொரு முறை சிறுநீர் அளக்கிறீர்கள், சளியை உறிஞ்ச சக்ஷன் போடுகிறீர்கள், இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள். தொடுமுன் ஒன்று, தொட்ட பின் ஒன்று என்றால் நாளுக்கு 60 தடவை சாதாரணம். அப்படியானால் கட்டிலுக்கு 180 மி.லி., பத்துக் கட்டிலும் நிறைந்திருந்தால் நாளுக்கு 1.8 லிட்டர், மாதம் 108 பாட்டில். இந்த 60-ஐ அப்படியே எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு கட்டிலில் 24 மணி நேரம் உட்கார்ந்து எண்ணி, அந்தத் தாளோடு ஸ்டோருக்கு இன்டென்ட் (சரக்கு கேட்கும் சீட்டு) போடுங்கள். எண்ணிய கணக்கோடு யாரும் வாதாட மாட்டார்கள்.

பம்ப்பையும் சோதியுங்கள். பத்து அழுத்தை மருந்து அளக்கும் கப்பில் பிடித்துப் பாருங்கள். 15 மி.லி. வந்தால் ஒரு அழுத்து 1.5 மி.லி.; அப்போது இரண்டு அழுத்து வேண்டும். கை 20 முதல் 30 விநாடி ஈரமாக இருக்க வேண்டும். பத்து விநாடியில் காய்ந்தால் போதவில்லை என்று அர்த்தம். பம்ப் அடைத்துக்கொண்டால் வாயில் ஹேண்ட் ரப் படிந்து காய்ந்திருக்கலாம், வெந்நீர்த் துணியால் துடைத்துப் பாருங்கள்.

அளவு சரியானாலும் ராத்திரி காலியாகும், ஏனென்றால் மாற்றுவது யார் வேலை என்று எழுதப்படவில்லை. ஒவ்வொரு பாட்டிலிலும் கால் பங்கில் மார்க்கரால் கோடு போடுங்கள். அங்கே 125 மி.லி. இருக்கும்; 12 மணி நேர ராத்திரிக்கு 90 மி.லி. போதும். இரவு 8 மணி ஹேண்ட் ஓவரில் கோட்டுக்குக் கீழே போனதை ஷிப்டை ஒப்படைப்பவரே மாற்ற வேண்டும். எடுத்த பாட்டிலை நர்சிங் மேஜையில் வைத்துத் தீர்க்கலாம். மிச்சத்தை வேறு பாட்டிலில் ஊற்றுவது கூடாது. திறந்த தேதியும் தெரியாது, கிருமியும் சேரும். ஐசியூ அலமாரிக்குள் 18 பாட்டில் இருப்பு, சாவி ராத்திரி ஷிப்டிடம். ஐந்து நாளுக்கு வரும். பொங்கல் விடுமுறையையும் தாண்டிவிடலாம். ஸ்டோரை மட்டும் தகரக் கொட்டகையில் வைத்துவிடாதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அந்த ஆல்கஹால் தீப்பற்றக்கூடிய சரக்கு.

பாட்டில் கட்டிலின் கால்மாட்டில், கை நீட்டினால் எட்டும் இடத்தில் பிராக்கெட்டில் இருக்கட்டும். மானிட்டருக்குப் பின்னால் இருந்தால் இல்லாத மாதிரிதான்.

இரத்தமோ சளியோ கையில் பட்டாலும், சி. டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வயிற்றுப்போக்கு வந்த நோயாளி என்றாலும் ஹேண்ட் ரப் உதவாது. சோப்பும் தண்ணீரும் 40 முதல் 60 விநாடி. அந்தக் கிருமியின் வித்துக்களை ஆல்கஹால் கொல்லாது. ஆற்றுத் தண்ணீர் வரும் ஊரில் சோப்பு நுரைப்பது பிரச்சினையில்லை. போர் தண்ணீர் உப்பாக இருக்கிற இடத்தில் கட்டி சோப்பு நுரைக்காது, ஈரத்தட்டில் ஊறிக் கிருமியும் வளரும். பம்ப் வைத்த லிக்விட் சோப்பே நல்லது. தொங்கும் துணித் துண்டை இன்றைக்கே எடுத்துவிட்டு, பேப்பர் டவல் வையுங்கள். மீந்த குளுக்கோஸையும் சக்ஷன் கழிவையும் கை கழுவும் சிங்க்கில் கொட்டாதீர்கள். வடிகாலில் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியேறினால், குழாயைத் திறக்கும்போதெல்லாம் தெறித்துக் கைக்கே திரும்பி வரும்.

சொந்தமாகக் கலக்கிக்கொள்ளலாமா என்று நிர்வாகம் கேட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் 10 லிட்டர் கணக்கு இது: 99.8% ஐசோபுரோபைல் ஆல்கஹால் 7515 மி.லி., 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98% கிளிசரின் 145 மி.லி., மீதி காய்ச்சி ஆறிய அல்லது வடித்த தண்ணீர். கலந்ததை 72 மணி நேரம் மூடி வைத்த பிறகே எடுக்க வேண்டும். மருந்தாளுநரும், ஆல்கஹால் அளக்கும் மானியும் இல்லாத இடத்தில் இதில் இறங்க வேண்டாம். தண்ணீர் கூடிப்போன ஹேண்ட் ரப்பும் கையில் சில்லென்றுதான் இருக்கும்.