நாலு மணி ஜெபமும் ஏழரை மணிக் கோபமும்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வயது 41. பரம்பரையாக லுத்தரன் சபை. கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், பத்தாவது படிக்கும் மகன். தினமும் விடியற்காலை 4 மணிக்கு ஜெபிக்கிறேன், வெள்ளிதோறும் உபவாசம். ஆனாலும் காலை ஏழரைக்குள் மகனிடம் கத்தித் தீர்த்துவிடுகிறேன். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வருகிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கிற தீர்மானம் பொங்கல்வரை தாங்குவதில்லை. ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "பரிசுத்தமானவங்களுக்குக் கோபமே வராது, உனக்கு இன்னும் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் கிடைக்கல" என்கிறார். தகுதியில்லை என்று சில மாதமாகச் சபையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தும் எடுப்பதில்லை. அறிக்கையிட்ட பாவத்தையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டு அழுகிறேன். நான் இரட்சிக்கப்படவே இல்லையோ?

– ஒரு சகோதரி, கடலூர்

அன்புள்ள சகோதரி,

முதலில் தூக்கத்தைப் பார்ப்போம். மாமியாருக்காக இரவில் எழுந்து, மறுபடி 4 மணிக்கும் எழுந்தால் ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. தூக்கம் குறைந்தால் எரிச்சலை அடக்கும் திறன் குறையும். ஜெபிக்கிறவருக்கும் இது பொருந்தும். சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. இரண்டு தடவை சாப்பிடச் சொன்னான், நடுவில் தூங்கவிட்டான் (1 இராஜாக்கள் 19). கர்த்தருடைய கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. ஆகவே ஜெபத்தை மகன் பள்ளிக்குப் போனபின் அரைமணி நேரமாக மாற்றுங்கள். உபவாசம் மதியத்தோடு முடியட்டும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவரானால் டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். ரத்தசோகையும் தைராய்டும்கூட எரிச்சலைக் கூட்டும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மாமியாரின் இரவுப் பணிவிடை முழுக்க உங்கள் தலையில்தானா? நைட் ஷிப்ட் இல்லாத வாரத்தில் இரண்டு இரவாவது கணவர் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் கோபத்தில் ஒரு பங்கு சுமையால் வருவது. அதை மனந்திரும்பித் தீர்க்க முடியாது, பகிர்ந்துதான் தீர்க்க முடியும்.

இனி உங்கள் கேள்வி. நீதிமானாக்கப்படுவது, கிறிஸ்துவினிமித்தம் தேவன் இலவசமாகத் தரும் தீர்ப்பு. பரிசுத்தமாகுதல், அதற்குப்பின் சாகும்வரை தொடரும் வளர்ச்சி. நீங்கள் இரண்டாவதில் மார்க் குறைந்ததைக் காட்டி முதலாவதை ரத்து செய்யப் பார்க்கிறீர்கள். விசுவாசி ஒரே சமயத்தில் நீதிமானும் பாவியும் என்றுதான் உங்கள் சபை மரபின் முன்னோடியான மார்ட்டின் லுத்தர் போதித்தார். அந்த அக்கா பேசுவது வேறொரு மரபின் சாயலில். ஆனால் பூரண பரிசுத்தம் இந்த வாழ்விலேயே சாத்தியம் என்று போதித்த, மெதடிஸ்ட் இயக்கத்தின் முன்னோடி ஜான் வெஸ்லிகூட, அது அறியாமையும் தவறும் நீங்கிய நிலை என்று சொன்னதில்லை. எபேசியர் 4:26 விசுவாசிகளுக்கு எழுதியது. கோபம் வரும் என்பதை ஒப்புக்கொண்டு, பாவம் செய்யாமல் சூரியன் மறையுமுன் எரிச்சலைத் தணிக்கச் சொல்கிறது.

அதே அதிகாரம் 22 முதல் 24 வரை பாருங்கள்: களைவது, உள்ளம் புதிதாவது, தரிப்பது. நாம் பெரும்பாலும் களைவதோடு நின்றுவிடுகிறோம். "இனி கத்தமாட்டேன்" என்ற தீர்மானத்தில், கத்துவதற்குப் பதில் என்ன செய்வது என்பதே இல்லை. பிறகு எப்படித் தாங்கும்?

இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் கோபம் வந்த நேரம், அதற்கு முன் நடந்தது, மனதில் ஓடிய எண்ணம், வாயில் வந்த சொல் ஆகிய நான்கை மட்டும் எழுதுங்கள். ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில்தான் பெரும்பாலும் விழும் என்று நினைக்கிறேன். அந்த ஒரு அரைமணியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மாமியாரிடம் முகம் சுளிப்பதெல்லாம் பிறகு. புத்தகப் பையை இரவே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். காலையில் ஒரே ஒரு முறை நினைவூட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். தாமதமானால் பஸ்ஸை விடட்டும், ஒருநாள் பஸ் போனால் ஒன்றும் ஆகிவிடாது. நோட்டுக்குத் தினமும் பத்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். நீண்டால் அது உங்களை நீங்களே வதைக்கும் கணக்குப் புத்தகமாகிவிடும்.

தவறினால் அன்றைக்கே மகனிடம், "காலையில உன்ன அப்படிச் சொன்னது தப்பு, மன்னிச்சிடு" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனா நீயும்" என்று தொடங்கினால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். வசனமும் சொல்லாதீர்கள். பத்தாவது படிக்கிற பையனுக்கு அது இன்னொரு திட்டு. வளர்ச்சி முதலில் தெரிவது இங்கேதான்: முன்பு இரண்டு நாள் நீண்ட முறைப்பு சாயங்காலத்துக்குள் முடியும், கத்தியபின் தெரிந்தது கத்தும் முன்பே தெரிய ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் ஆகும்.

ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது எனக்குக் கவலை தருகிறது. துறவியாக இருந்தபோது லுத்தரும் மணிக்கணக்கில் அறிக்கையிட்டும் நிம்மதி இல்லாமல் தவித்தவர்தான். 1 யோவான் 1:9-ஐ வாசித்து ஒருமுறை அறிக்கையிடுங்கள், போதும். வாய்விட்டுச் சொல்லவேண்டுமானால் ரகசியம் காக்கும் மூத்த சகோதரி ஒருவரிடம் சொல்லுங்கள். ஜெபக்குழுவில் வேண்டாம், அங்கே சொன்னது ஞாயிறுக்குள் ஜெபக்குறிப்பாக ஊர் சுற்றும். நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் அறிக்கையிட்டுக்கொண்டே இருந்தால், வேண்டாத எண்ணங்கள் விடாமல் வந்தால், அது சிகிச்சைக்குரிய மனப்பதற்றமாக இருக்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 கட்டணமில்லாத எண், தமிழிலும் பேசலாம். பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலப் பிரிவு உண்டு.

திருவிருந்துக்கு வருகிறேன். 1 கொரிந்தியர் 11:28 தன்னைத்தானே சோதித்தறிந்தபின் விலகச் சொல்லவில்லை, புசிக்கச் சொல்கிறது. திடப்படுத்தல் வகுப்பில் படித்த லுத்தரின் சிறிய ஞானோபதேசம் (1529) என்ற கேள்வி-பதில் போதனை நூலை எடுத்துப் பாருங்கள். உபவாசம் நல்ல வெளிப்பயிற்சிதான், ஆனாலும் திருவிருந்துக்குப் பாத்திரவான், அதாவது தகுதியுள்ளவன், "உங்களுக்காக" என்ற வார்த்தைகளை விசுவாசிக்கிறவனே என்று அதில் இருக்கிறது. இந்த வாரமே ஆயரைப் பார்த்து விலகியிருந்ததைச் சொல்லிவிட்டு, அடுத்த திருவிருந்தில் கலந்துகொள்ளுங்கள். நோட்டில் இரண்டு வாரம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.