சிவப்புப் படலமா? மாத்திரை இருக்கட்டும், முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். மூன்றடி கடல்நீர்த் தொட்டி வைத்து ஒன்றரை மாதம் ஆகிறது. உள்ளே இரண்டு க்ளவுன் மீன்கள். மணல்மேல் கருஞ்சிவப்பாக வழவழப்பான படலம் படர்கிறது. துடைத்தெடுத்தாலும் இரண்டே நாளில் திரும்பி வந்துவிடுகிறது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில்தான் கடல் உப்பைக் கலக்கிறேன். ஆன்டிபயாடிக் மாத்திரை போடலாமா, தொட்டியையே காலி செய்து கழுவலாமா? ராமேஸ்வரம் பக்கமிருந்து லைவ் ராக் (உயிர்கள் ஒட்டியிருக்கும் பவளக்கல்) கொண்டுவந்து போட்டால் சரியாகுமா?

பதில்: காலி செய்து கழுவ வேண்டாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் இப்போதுதான் குடியேறியிருக்கும். அவற்றைக் கழுவிவிட்டால் முதலில் பாடுபடப்போவது மீன்கள்தான்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு இது சயனோபாக்டீரியா. பார்க்கப் பாசி மாதிரி இருந்தாலும் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா வகை. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பாலாடை போல ஒரே ஏடாக உரிந்து வரும், முகர்ந்தால் குப்பென்று வாடையடிக்கும். மாலையில் தடித்துச் சிறு குமிழிகள் ஒட்டியிருக்கும், விடிகாலையில் மெலிந்திருக்கும். கண்ணாடியில் பழுப்புத் தூளாகப் படிந்தால் அது டயாட்டம். தண்ணீரிலும் மணலிலும் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் தானே அடங்கும். பழுப்பு இழைகளாகத் தொங்கி, நுனியில் குமிழி கட்டி நின்றால் டைனோஃப்ளாஜெல்லேட் என்று சந்தேகப்படுங்கள். சத்தே இல்லாத தண்ணீரில்தான் அது பெரும்பாலும் செழிக்கும் என்பதால், கீழே சொல்லும் வைத்தியம் அதற்குப் பொருந்தாது.

எனக்குச் சந்தேகம் உங்கள் ஆர்.ஓ. மீதுதான். சேலத்துப் போர் தண்ணீரின் கடினம் உங்களுக்கே தெரியும், ஹீட்டர் ராடில் படியும் வெள்ளை உப்பே சாட்சி. குடிப்பதற்கான ஆர்.ஓ. எந்திரங்கள் பலவற்றில், தண்ணீர் சப்பென்று இருக்கக்கூடாது என்பதற்காக டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) கன்ட்ரோலர் வழியாகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையே திரும்பக் கலந்துவிடுவார்கள். மினரல் கார்ட்ரிஜும் இருக்கும். குடிக்க அது நல்லது, கடல்நீர்த் தொட்டிக்கு ஆகாது. கேன் தண்ணீரையும் நம்பாதீர்கள். உப்புக் கலக்கும் முன் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள். 50, 80 என்று காட்டினால், மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெம்பரேனை விட்டு வெளிவரும் இடத்திலேயே தனிக் குழாய் எடுக்கச் சொல்லுங்கள். அதன்பின் எஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் கார்ட்ரிஜ் மாட்டினால் அளவு பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். உள்ளே கலந்திருப்பது என்ன என்று மீட்டர் சொல்லாது. ஆனால் அந்தக் கணக்கில் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் ஒளிந்திருக்கலாம்.

அடுத்தது தீனி. ஓரிரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். உறைந்த தீனியென்றால் கரைத்து, வலையில் வடித்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். அதற்காக நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யமாக்க முனைய வேண்டாம். சயனோவில் சில வகை காற்றிலுள்ள நைட்ரஜனையே எடுத்துப் பிழைத்துக்கொள்ளும். நைட்ரேட் 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) அளவிலும் பாஸ்பேட் 0.05 பி.பி.எம். அளவிலும் நின்றால் எனக்குத் திருப்தி.

படலத்தைத் துடைத்தால் துண்டு துண்டாகப் பறந்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை நிறுத்திவிட்டு, மாலையில் அது தடித்திருக்கும் நேரத்தில், ஏர் பம்புக்கு மாட்டும் மெல்லிய குழாயின் முனையைப் படலத்தின் ஓரத்தில் வைத்துத் தண்ணீரோடு உறிஞ்சி வெளியேற்றுங்கள் (சைஃபன்). ஏடு சுருண்டு உள்ளே போகும், மணல் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். வெளியேறிய அளவுக்குப் புதுக் கடல்நீர் ஊற்றினால் வாராந்திரத் தண்ணீர் மாற்றமும் முடிந்தது. பிறகு வேவ்மேக்கரை அந்த இடத்தை நோக்கித் திருப்புங்கள். 180 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 3,600 லிட்டராவது ஓட்டம் வேண்டும். விளக்கு எட்டு மணி நேரம், ஜன்னல் வெயில் கூடவே கூடாது.

இத்தனை செய்தும் ஒரு மாதத்தில் அடங்காவிட்டால் மூன்று நாள் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குங்கள். காற்றோட்டம் மட்டும் நிற்கக்கூடாது. மடியும் படலம் ஆக்சிஜனைக் குடித்துவிடும். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் படலத்தைக் கொல்லும், மறுக்கவில்லை. காரணம் அப்படியே இருக்கும்போது படலம் திரும்பிவரும், இடையில் நல்ல பாக்டீரியாவும் அடிபடலாம். மெடிக்கல் ஷாப் மாத்திரையைப் பொடித்துப் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

சித்திரை வெயில் தனிக் கவலை. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறையும், படலம் குஷியாகும். மேற்பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறையும் நீருக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மார்கழியில் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டால் போதும்.

ராமேஸ்வரம் யோசனையைக் கைவிடுங்கள். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கரையிலிருந்து பவளக்கல்லை எடுத்துவந்தாலும் வழக்கு வரும். உயிர்கள் இல்லாத உலர்கல் போதும். அதையும் வாங்கியவுடன் இறக்காமல், தனி வாளியில் கடல்நீரில் சில வாரம் ஊறவைத்து, அந்த நீரில் பாஸ்பேட் ஏறுகிறதா என்று சோதித்துவிட்டுப் போடுங்கள்.