பேரம் இல்லாத கடை: சாட்டர்ன் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

டெட்ராய்ட் பற்றிய உங்கள் கட்டுரையில் 'இவ்வளவு நேசிக்கப்பட்டும் இவ்வளவு பணத்தை விழுங்கிய கார் கம்பெனி சாட்டர்ன்' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா?

நான் ஒஹாயோவில் இருக்கிறேன். அமெரிக்கா வந்ததும் முதலில் வாங்கியது ஒரு பழைய சாட்டர்ன் எஸ்.எல்.2. பக்கத்து வீட்டு அம்மாள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, 1992-ல் அதைப் புதிதாக வாங்கியவர். வாங்கிய அன்று ஷோரூமில் எடுத்துக்கொடுத்த போலராய்டு படத்தை இன்னும் வைத்திருக்கிறார். என்னோடு வேலை செய்யும் நண்பரோ, எல்லாம் விளம்பர மயக்கம், கார் சுமார்தான் என்கிறார். யார் சொல்வது சரி? இத்தனை பேர் விரும்பிய கம்பெனியை ஏன் மூடினார்கள்?

கடைசியாக ஒன்று. என் தம்பி மகன் கல்லூரிக்குப் போய்வர 2006 சாட்டர்ன் அயான் ஒன்று மலிவாக வருகிறது என்கிறான். வாங்கலாமா?

அன்புடன்,
முரளி

அன்புள்ள முரளி,

இருவர் சொல்வதும் சரி. அந்த அம்மாள் கார் வாங்கிய அனுபவத்தைப் பேசுகிறார், உங்கள் நண்பர் காரைப் பேசுகிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஓடியதுதான் சாட்டர்னின் கதை.

1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு (ஜி.எம்.) சின்னக் காரை லாபத்தோடு செய்யத் தெரியவில்லை. பெட்ரோல் விலை ஏறியதும் மக்கள் சிவிக், கொரோலா என்று ஜப்பான் கார்களுக்குப் போய்விட்டார்கள். 1982-ல் கம்பெனிக்குள் ஒரு சின்னக் கார் திட்டம் தொடங்கியது. நிலவுக்கு ஆளை அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். ரஷ்யாவை முந்தியாயிற்று, அடுத்து ஜப்பான் என்ற கணக்கு. 1985 ஜனவரியில் தலைவர் ரோஜர் ஸ்மித் அதைத் தனிக் கம்பெனியாகவே ஆக்கினார். 500 கோடி டாலர் போடப்போகிறோம் என்று பேச்சு. ஆலையைத் தங்கள் மாநிலத்துக்குக் கொண்டுபோக ஏழு கவர்னர்கள் ஒரே டி.வி. நிகழ்ச்சியில் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் இடம் கிடைத்தது டென்னசி மாநிலத்தில், நாஷ்வில்லுக்குத் தெற்கே இருந்த ஸ்பிரிங் ஹில் என்ற சின்ன ஊருக்கு.

புதிதாக ஒரு கம்பெனி தேவைதானா என்று அப்போதே கேட்டிருக்கலாம். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜி.எம்.முக்கு ஓர் ஆலை இருந்தது. சண்டைக்கும் ஆப்சென்டுக்கும் பேர்போன இடம், 1982-ல் மூடிவிட்டார்கள். டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து 1984-ல் அதைத் திறந்தபோது, வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களேதான். யூனியனும் அதேதான். டொயோட்டா முறையில் வேலை நடந்ததும் அதே கைகள் நல்ல காரைச் செய்தன. படிக்க வேண்டிய பாடம் சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஆனால் அதைப் படித்துத் தன் மற்றப் பிராண்டுகளான செவர்லே, பாண்டியாக் ஆலைகளை மாற்றுவதென்றால் உள்ளே இருக்கும் ஆயிரம் பேரோடு மல்லுக்கட்ட வேண்டும். புதிய இடத்தில் புதிய பெயரில் தொடங்குவது ஸ்மித்துக்குச் சுலபமாகத் தெரிந்தது என்பது என் ஊகம்.

ஸ்பிரிங் ஹில்லில் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தம் மட்டும் உண்மையிலேயே புதுமை. ஜி.எம்.மின் வழக்கமான ஒப்பந்தம் நூற்றுக்கணக்கான பக்கம் போகும், சாட்டர்னுடையது சட்டைப்பையில் அடங்கும் சிறு புத்தகம். சம்பளத்தில் ஒரு பகுதி தரத்தையும் லாபத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். பதிலுக்குப் பெரும்பாலானவர்களுக்கு லே-ஆஃப் கிடையாது என்ற உறுதி. பஞ்ச் கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முடிவிலும் நிர்வாகி ஒருவரோடு யூனியன் ஆள் ஒருவரும் உட்காருவார். கார்த் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ.வின் தலைவர்களில் டொனால்ட் எஃப்ளின் இதற்காக வாதாடியவர், அதற்காகத் தன் சங்கத்துக்குள்ளேயே திட்டும் வாங்கியவர்.

முதல் கார் 1990 ஜூலை 30 அன்று வெளியே வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் ஸ்மித். மறுநாள் அவருக்கு ஓய்வு. அவருக்குப் பின்னால் வந்தவர்களில் யாருக்கும் இந்தக் குழந்தை சொந்தக் குழந்தை இல்லை.

இனி கார். கதவும் ஃபெண்டரும் பிளாஸ்டிக். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி வந்து இடித்தால் உள்ளே போய்த் திரும்பவும் நிமிர்ந்துகொள்ளும். டிங்கர் வேலை மிச்சம், துருவும் பிடிக்காது. வெயிலில் பிளாஸ்டிக் விரியும் என்பதால் பேனல்களுக்கு நடுவே இடைவெளியை அகலமாக விட்டிருந்தார்கள். ஜப்பான் கார்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறுத்தும். என்ஜின் சத்தம் போடும், அதிரும் என்று பத்திரிகைக்காரர்கள் முதல் வருடமே எழுதினார்கள். கிலோமீட்டர் ஏறிய வண்டிகளில் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டு ஆயில் குடிப்பது பலரும் சொன்ன புகார். ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டினால் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர்களும் உண்டு. ஆரம்ப விலை 8,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. அந்த விலைக்கு நல்ல வண்டிதான். ஆனால் போலராய்டு படத்தைப் பத்திரப்படுத்த இதெல்லாம் காரணமாகாது.

காரணம் கடைதான். அன்றைய அமெரிக்காவில் புதுக் கார் வாங்கப்போவது ஒரு நாளைத் தொலைக்கிற வேலை. விற்பனையாளர் ஒரு விலையைச் சொல்வார். நீங்கள் முகம் சுளித்தால் 'மேனேஜரைக் கேட்டு வருகிறேன்' என்று உள்ளே போய் அரை மணி நேரம் வரமாட்டார். பழைய காருக்கு அதிகம் கொடுப்பதுபோல் காட்டிப் புதுக் காரில் ஏற்றுவார். துருத் தடுப்புப் பூச்சு, துணிப் பாதுகாப்பு என்று ஏதாவது ஒன்று பில்லில் ஏறியிருக்கும். யார் வாங்குகிறார் என்பதைப் பொறுத்தும் விலை மாறும். சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் சிகாகோ பகுதியில் ஒரு சோதனை செய்து 1991-ல் வெளியிட்டார். ஒரே மாதிரிப் பேசிப் பேரம் செய்யப் பழக்கிய ஆட்களை டீலர்களிடம் அனுப்பினார். வெள்ளை ஆண்களைவிட வெள்ளைப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அதிக விலை சொன்னார்கள், அதிலும் கறுப்பினத்தவரிடம் கேட்ட கூடுதல் பணம் சில்லறை இல்லை.

இந்தச் சந்தையில்தான் சாட்டர்ன் கடை திறந்தது. ஸ்டிக்கரில் என்ன விலையோ அதுதான் விலை, பள்ளி ஆசிரியைக்கும் அதுதான், வக்கீலுக்கும் அதுதான். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், 1,500 மைலுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வண்டியை எடுக்கும்போது கடை ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்று கைதட்டுவார்கள், படம் எடுத்துக் கொடுப்பார்கள். கைதட்டலைப் பார்த்து நகரத்துப் பத்திரிகையாளர்கள் சிரித்தார்கள். எனக்கும் அது கூச்சமான காட்சிதான். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் ஏமாற்றப்படவில்லை என்ற நிச்சயத்தோடு கார் வாங்கியவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் பக்கத்து வீட்டு அம்மாளிடம்தான் கேட்க வேண்டும். சாட்டர்ன் வாங்கியவர்களில் பெண்கள் அவ்வளவு பேர் இருந்தது தற்செயல் இல்லை.

உங்கள் நண்பர் 'விளம்பரம்' என்று ஒதுக்குவதற்கு அடியில் ஒரு வியாபார ஏற்பாடு இருக்கிறது, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. செவர்லே டீலர் ஒருவர் பேரம் பேசாமல் இருக்க முடியாது. ஆறு மைல் தள்ளி இன்னொரு செவர்லே டீலர் 200 டாலர் குறைத்துக் கொடுப்பார். சாட்டர்ன் ஒரு பெரிய வட்டாரத்தையே ஒரே டீலருக்குக் கொடுத்தது. அந்த வட்டாரத்தில் எத்தனை கடை இருந்தாலும் பெரும்பாலும் உரிமையாளர் ஒருவரே. பக்கத்தில் குறைத்து விற்க ஆளே இல்லாததால் விலை நின்றது. விலை நின்றதால் டீலருக்கு நல்ல லாபம், அந்த லாபத்தில்தான் சிரித்த முகமும் சுத்தமான சர்வீஸ் அறையும் வந்தன.

தப்பு நடந்தபோதும் அதே தாராளம். 1991-ல் தவறான கூலண்ட் ஊற்றப்பட்ட 1,836 கார்களை ரிப்பேர் செய்யாமல், காருக்குக் கார் புதிதாகவே மாற்றிக்கொடுத்தார்கள். 1993-ல் ஜெனரேட்டர் ஒயரிங் தீப்பிடிக்கலாம் என்று மூன்றரை லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தபோது, பல டீலர்கள் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, வண்டியையும் கழுவிக் கொடுத்தார்கள். ரீகால் என்றால் மற்றக் கம்பெனிகளுக்கு மானம் போகும். சாட்டர்னுக்கு அது பெயர் வாங்கித் தந்தது. 1994 கோடையில் ஆலையைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டதற்கு 40,000 பேருக்கு மேல் விடுமுறை எடுத்துக்கொண்டு ஸ்பிரிங் ஹில்லுக்கு வந்தார்கள்.

அந்த வருடம் விற்றது சுமார் 2,86,000 கார்கள். அந்த எண்ணிக்கையை அதற்குப் பிறகு சாட்டர்ன் எட்டவே இல்லை.

ஏன் மூடினார்கள் என்பதற்கு வருகிறேன். தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்துவிட்டுச் சாவிக்கொத்தைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்ட அப்பாதான் ஜி.எம். புதிய மாடல் வேண்டுமென்றால் பணம் ஜி.எம். தலைமையகம் இருக்கும் டெட்ராய்ட்டிலிருந்து வர வேண்டும். அங்கே செவர்லேக்காரர்களும் ஓல்ட்ஸ்மொபீல்காரர்களும், 'எங்களுக்கு வர வேண்டிய பணத்தை டென்னசியில் கொட்டினீர்கள், இன்னுமா?' என்று காத்திருந்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. சின்னக் காரில் கிடைக்கும் லாபத்தை வைத்து அந்த முதலீட்டை எடுக்கவே முடியாது. விளைவு, 1990-ல் வந்த அதே எஸ் வரிசை, மேல்தோலை மாற்றிக்கொண்டு 2002 வரை விற்பனையில் இருந்தது. 1991-ல் தனியாளாக வாங்கியவருக்கு 1997-ல் இரண்டு பிள்ளைகள். கொஞ்சம் பெரிய கார் வேண்டுமென்று அதே கடைக்கு வந்தால், கைதட்ட ஆள் உண்டு, விற்கக் கார் இல்லை. அவர் டொயோட்டா கேம்ரி வாங்கிக்கொண்டு போனார். அமெரிக்கா முழுதும் எஸ்.யூ.வி.க்குத் தாவிய பத்து வருடத்தில் சாட்டர்னிடம் ஒரு எஸ்.யூ.வி.கூட இல்லை.

பெரிய கார் 1999-ல் வந்தது. ஐரோப்பாவின் ஓப்பல் வெக்ட்ராவை வைத்துச் செய்தது, அதுவும் ஸ்பிரிங் ஹில்லில் இல்லை, டெலவேரில். அதே வருடம் ஸ்பிரிங் ஹில் தொழிலாளர்கள் பழைய யூனியன் தலைமையைத் தேர்தலில் தோற்கடித்தார்கள். விற்பனை சரிய, போனஸும் சரிய, அந்தச் சட்டைப்பை ஒப்பந்தத்தின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை போயிருந்தது. சில வருடங்களில் வழக்கமான ஜி.எம். ஒப்பந்தத்துக்கே திரும்பினார்கள்.

2001 கடைசியில் வியூ என்ற எஸ்.யூ.வி. வந்தது. அதில் ஒரு வகைக்குப் போட்ட சி.வி.டி. என்ற ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் பலருக்குப் பாதியில் கையைவிரித்தது. ஜி.எம். வாரண்டியை நீட்டியது, வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். சேதி என்னவென்றால், 2004 வியூவுக்கு வி6 (ஆறு சிலிண்டர்) என்ஜினை ஹோண்டாவிடம் வாங்கிப் போட்டார்கள். ஜப்பானை முந்தப் பிறந்த கம்பெனியில் வாங்கியவர்கள் குறையே சொல்லாத என்ஜின் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு ஆரா, ஸ்கை என்று நல்ல கார்கள் வந்தன. பார்த்தால் சாட்டர்ன் என்று சொல்ல முடியாது, பிளாஸ்டிக் கதவும் போய்விட்டது. 2009 ஜூனில் ஜி.எம். திவால் மனு கொடுத்தபோது, கார் டீலர் தொழிலில் பெரிய ஆளான ரோஜர் பென்ஸ்கி சாட்டர்னை வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தார். டீலர் வலையைத்தான் அவர் மதித்தார் என்பது என் கணிப்பு. கார்களை வேறொருவர் செய்து தர வேண்டும், பிரெஞ்சுக் கார் கம்பெனி ரெனோவோடு பேச்சு நடந்தது. ரெனோவின் இயக்குநர் குழு ஒப்புக்கொள்ளவில்லை. செப்டம்பர் 30 அன்று பென்ஸ்கி விலகினார், அடுத்த வருடக் கடைசிக்குள் கடைகள் மூடப்பட்டன. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்: விளம்பரம் மட்டும் போதுமென்றால் அது பிழைத்திருக்கும்.

அயான் விஷயம். 2014 பிப்ரவரியில் ஜி.எம். திரும்ப அழைத்த கார்களில் 2003 முதல் 2007 வரையிலான அயான் எல்லாம் உண்டு. சாவி போடும் சுவிட்சுக்குள் இருந்த ஸ்பிரிங் பலமில்லாதது. முழங்கால் பட்டாலோ கொத்துச் சாவியின் கனத்திலோ சாவி பின்னுக்குத் திரும்பிவிடும். ஓடும் வண்டியில் என்ஜின் அணையும், ஸ்டியரிங் இறுகும், மோதினால் ஏர்பேக் விரியாது. அயான் சந்தைக்கு வருவதற்கு முன்பே, 2001 சோதனை வண்டிகளிலேயே, இந்தக் கோளாறு கம்பெனிக்குள் பதிவாகியிருந்தது. ஜி.எம். அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்குப் பணம் கொடுத்தது. 1991-ல் தவறான கூலண்டுக்காகப் புதுக் காரையே மாற்றிக் கொடுத்த கம்பெனியின் பெயர்தான் இந்த வண்டியிலும் ஒட்டியிருந்தது.

ஆகவே, விலை மலிவு என்று மட்டும் பார்க்க வேண்டாம். வண்டியின் வி.ஐ.என். எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) வாங்கி, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டால் எந்த ரீகால் வேலை பாக்கி என்று காட்டும். பாக்கி இருந்தால் எந்த செவர்லே டீலரிடமும் இலவசமாகச் செய்து தருவார்கள், சாட்டர்ன் கடை தேவையில்லை. அது முடிந்த வண்டி, துருப்பிடிக்காத அடிப்பாகம், ஆயில் ஒழுகாத என்ஜின் என்றால் இரண்டு மூன்று வருடக் கல்லூரிக்குப் போதும். சுவிட்ச் மாற்றாத வண்டி என்றால், மாற்றும்வரை தம்பி மகனை ஓட்டவிடாதீர்கள்.

அன்புடன்