நாடக வகுப்பும் கணக்குப் பாடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய பள்ளியில் இசை, நாடகம், ஓவியம், கைவேலை ஆகியவற்றுக்கு வாரத்தில் நான்கு பாடவேளைகளை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தைக் கணக்குக்குத் தரலாமே என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். இவற்றால் மூளை வளரும், மதிப்பெண் கூடும் என்பது பள்ளியின் பதில். இது உண்மைதானா? இல்லையென்றால் இவ்வகுப்புகளுக்கு வேறு என்ன நியாயம்?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

பள்ளி நல்ல காரியத்தைச் செய்துவிட்டு அதற்கு வலுவில்லாத காரணத்தைச் சொல்கிறது என்றே நினைக்கிறேன். இசையால் அறிவு கூடும் என்ற பேச்சு பெரும்பாலும் 1993இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த ஒரு சிறு ஆய்விலிருந்து பரவியது. அதில் மோட்சார்ட்டின் இசையைக் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களிடம் தெரிந்த முன்னேற்றமும் கால்மணி நேரம்கூட நிலைக்கவில்லை. குழந்தைகளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

உளவியலாளர் கிளென் ஷெல்லன்பெர்க் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடப் பொருட்படுத்தத்தக்கது. ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரை நான்கு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கு இசையும் ஒரு பிரிவினருக்கு நாடகமும் ஓராண்டு கற்பித்தார்கள். நான்காம் பிரிவினருக்கு எந்த வகுப்பும் இல்லை. இசை கற்றவர்களின் நுண்ணறிவு ஈவு (IQ) மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று புள்ளிகள் கூடுதலாக உயர்ந்தது. நாடகம் கற்றவர்களுக்கு அந்த உயர்வு கிட்டவில்லை. ஆனால் பிறரோடு பழகும் பாங்கில் அவர்கள் மட்டுமே தெளிவாக முன்னேறியிருந்தார்கள். மதிப்பெண்தான் அளவுகோல் என்றால் நாடக வகுப்பை இழுத்து மூடிவிட வேண்டியதுதான்! அந்த முடிவை உங்களால் ஏற்க முடியுமா?

கைவேலை வகுப்பில் காகிதப் பட்டைகளைக் கொண்டு பாய் பின்னும் குழந்தையைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒன்றன் மேலும் அடுத்ததன் கீழுமாகப் பட்டையைச் செலுத்திக்கொண்டு வருகையில், மூன்றாம் வரிசையில் ஓரிடம் தவறினால், ஐந்தாம் வரிசைக்கு வரும்போது கட்டங்கள் பிசகியிருப்பது அதன் கண்ணிலேயே படும். யாரும் சிவப்பு மையால் சுழிக்காமல், தானே பிழையைக் கண்டு, இரண்டு பட்டைகளை உருவி, மறுபடியும் செலுத்துகிறது. கணக்கு நோட்டில் விடை தவறென்று தெரிய ஆசிரியர் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை இங்கே முந்திக்கொள்வதும் உண்டு. வகுப்பு அந்தப் பிள்ளையைப் பார்க்கும் பார்வையே அதன்பின் மாறிவிடுகிறது.

எனக்கு அச்சமூட்டுவது பரிசும் சான்றிதழும்தான். உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்ட மழலையர், ஓரிரு வாரம் கழித்து, தாமாக வரைவதில் முன்பிருந்த ஆர்வத்தில் ஒரு பகுதியை இழந்திருந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அந்த இழப்பு நேரவில்லை.

மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்குத் தனிக் கவனம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தை அதே பிள்ளையின் ஓவிய வகுப்பிலிருந்து பிடுங்குவதுதான் வழக்கமாக இருக்கிறது. இவ்வகுப்புகளைப் பள்ளி நேரத்துக்கு வெளியே தள்ளினாலோ, கட்டணம் செலுத்த முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே அவை கிடைக்கும்.

ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில், மதிப்பெண் கூடுமா என்று கேட்பதைவிட, தேர்வு நெருங்கும் மாதத்திலும் இந்த நான்கு பாடவேளைகளும் நடக்குமா, ஆண்டு விழா மேடைக்குத் தேர்வாகாத பிள்ளைகளுக்கு நாடக வகுப்பில் என்ன வேலை தரப்படுகிறது என்று கேளுங்கள்.