தனி பேஸுக்கு ஒரு ஜாஸ் மெட்டு

கேள்வி: நான்கு கம்பி எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பக்கவாத்தியமின்றித் தனியாக வாசிக்க எந்த ஜாஸ் உருப்படியில் தொடங்கலாம்? பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் ‘போர்ட்ரெயிட் ஆஃப் டிரேஸி’ சரிவருமா?

பதில்: 1976இல் வந்த அந்த உருப்படி பெரும்பாலும் ஹார்மானிக்ஸ் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் மணியொலி), இடது கை நன்றாக விரிய வேண்டும். பிறகு பார்க்கலாம். பேஸுக்கென்றே எழுதியதைத் தேடி அலைய வேண்டாம். ‘ஆட்டம் லீவ்ஸ்’ (Autumn Leaves) என்ற ஜாஸ் பாட்டின் மெட்டும் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பெயர்களும் உள்ள ஒரு தாள் போதும். ஈ மைனரில் எடுங்கள்.

முதல் கார்டு ஏ மைனர் 7க்கு ஈ, டி, ஜி கம்பிகள் மூன்றிலும் 5ஆம் ஃப்ரெட் (கழுத்தில் விரல் வைக்கும் கட்டம்). மெட்டின் முதல் நீண்ட சுரம் சி. அதுவும் ஜி கம்பியில் அதே இடம்தான், தேட வேண்டியதில்லை! அடுத்து டி7: டி கம்பி விரலை 4க்கு இறக்கி, அடிச்சுரத்தை (கார்டுக்குப் பெயர் தரும் கீழ்ச்சுரம்) ஏ கம்பியின் 5க்கு மாற்றுங்கள். ஜி மேஜர் 7க்கு ஈ கம்பியில் 3, டி, ஜி கம்பிகளில் 4. மீட்டும் கையில் அடிச்சுரத்துக்குக் கட்டைவிரல், மேலிரண்டுக்கு ஆள்காட்டி, நடுவிரல்.

அடிச்சுரம் ஈ கம்பியில் தாழ்வாக இருக்கும்போது, அதிலிருந்து எண்ணும் மூன்றாம் சுரத்தை (ஏ மைனரில் சி) அதன் பக்கத்திலேயே வைத்தால் ஒலி கலங்கிவிடும்; ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே வைத்தால்தான் தெளிவு. மெட்டு நகரும்போது கார்டை விட்டுவிட்டு, சுரம் நீளும் இடத்தில் மட்டும் போடுங்கள். எல்லா இடத்திலும் போட ஆசைப்பட்டால் தாளம் தடுமாறும்.