இரண்டு மானிட்டர், ஒரு விர்ச்சுவல் மெஷின்: கேள்வி பதில்

பாரிமுனை, ராயபுரம் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். விர்ச்சுவல் மெஷின் என்றால் ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். உள்ளே ஓடுவது கெஸ்ட், வெளியே இருக்கும் நிஜக் கம்ப்யூட்டர் ஹோஸ்ட். விர்ச்சுவல்பாக்ஸ் அதை ஓட்டும் ஒரு மென்பொருள். கெஸ்ட்டை இரண்டு மானிட்டரில் ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை வாசகர்: விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 10 ஓட்டுகிறேன். லேப்டாப்போடு ஒரு மானிட்டரும் இருக்கிறது. உள்ளே இருக்கும் விண்டோஸ் ஒரே திரையைத்தான் காட்டுகிறது. ஏன்?

மேஜைமேல் இருக்கும் மானிட்டர் கெஸ்ட்டுக்குத் தெரியவே தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்கிக் கொடுக்கும் பொய்த் திரைதான் அதற்குத் தெரியும். ஒவ்வொரு பொய்த் திரையும் உங்கள் விண்டோஸில் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

கெஸ்ட்டை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். ஸ்டேட்டை சேவ் செய்து மூடினால் போதாது, திரை எண்ணிக்கையை மாற்ற விடாது. அப்புறம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் மானிட்டர் கவுண்ட்டை 2 ஆக்குங்கள், வீடியோ மெமரியை 128 எம்பிக்கு ஏற்றுங்கள். கெஸ்ட்டை ஆன் செய்து, விர்ச்சுவல்பாக்ஸோடு கிடைக்கும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற டிரைவர் தொகுப்பை அதற்குள் போடுங்கள். வியூ மெனுவில் விர்ச்சுவல் ஸ்கிரீன் 2 என்று இருக்கும், அதை எனேபிள் செய்தால் இரண்டாவது ஜன்னல் திறக்கும். அதை மானிட்டருக்கு இழுத்துப்போட்டு, வலது கன்ட்ரோலோடு எஃப் அழுத்துங்கள். எந்தத் திரை எந்த மானிட்டரில் வர வேண்டும் என்பதையும் அதே வியூ மெனுவில் மாற்றலாம்.

வியாசர்பாடி வாசகர்: மூன்று திரை கொடுத்தேன். ஃபுல் ஸ்கிரீன் போக மாட்டேன் என்கிறது.

உங்களிடம் இருப்பது இரண்டு மானிட்டர். ஃபுல் ஸ்கிரீனுக்குக் கெஸ்ட் திரைகளின் எண்ணிக்கைக்குக் குறையாமல் நிஜ மானிட்டர் வேண்டும். இரண்டாகக் குறையுங்கள். குறைக்கும் முன் ஷட்டவுன், சேவ் அல்ல.

கொருக்குப்பேட்டை வாசகர்: எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்கினேன், இரண்டிலும் ஒரே படம்.

ஸ்ப்ளிட்டரின் வேலையே அதுதான். லேப்டாப்பில் இன்னொரு வீடியோ போர்ட் இருக்கிறதா பாருங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: யுஎஸ்பியிலிருந்து எச்டிஎம்ஐ மாற்றும் அடாப்டர் வாங்கி, டிரைவரைக் கெஸ்ட்டுக்குள் போட்டேன். வேலை செய்யவில்லை.

டிரைவர் வெளியே இருக்கும் ஹோஸ்ட்டுக்குப் போக வேண்டியது. அங்கே இரண்டு மானிட்டரும் தனித்தனியாக வேலை செய்த பிறகுதான் கெஸ்ட்டைத் தொட வேண்டும். கெஸ்ட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டு டிரைவர் போடுகிறவர்களுக்கும் இதே பதில்.

பாரிமுனை கிளியரிங் அலுவலகத்திலிருந்து: ஐஸ்கேட் (சுங்கத்துறை இணையதளம்) வேலையும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் (மின்கையெழுத்துக்கான யுஎஸ்பி சாதனம்) கெஸ்ட்டில். மெயிலும் எக்செலும் ஹோஸ்ட்டில். மானிட்டர்களை எப்படிப் பிரிப்பது?

கெஸ்ட்டுக்கு ஒரு மானிட்டர், ஹோஸ்ட்டுக்கு ஒன்று. இன்வாய்ஸை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மறுபக்கம் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிச் சுங்கப் படிவத்தை நிரப்புகிறவருக்கு இதைவிட வசதி கிடையாது. டோக்கனை டிவைசஸ் மெனுவில் யுஎஸ்பிக்குப் போய் டிக் செய்து கெஸ்ட்டுக்குக் கொடுங்கள். கொடுத்த பிறகு ஹோஸ்ட்டுக்கு அது தெரியாது, பயப்பட வேண்டாம்.

ராயபுரம் வாசகர்: ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். கெஸ்ட்டை இரண்டிலும் விரித்தால்தானே இரண்டு மானிட்டர் வாங்கியதற்குப் பலன்?

நாள் முழுக்கக் கெஸ்ட்டிலேயே இருப்பவர் என்றால் விரியுங்கள், தப்பில்லை. அந்த அலுவலகத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் ஃபுல் ஸ்கிரீனிலிருந்து வெளியே வந்து திரும்பினால் கவனம் சிதறும். கன்டெய்னர் எண்ணில் ஒரு எழுத்து மாறினால் யார் பதில் சொல்வது?

பெரம்பூர் வாசகர்: இரண்டு பேரும் சுற்றி வளைக்கிறீர்கள். கெஸ்ட்டுக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் (ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றைத் திறந்து வேலை செய்யும் விண்டோஸ் வசதி) போய், எல்லா மானிட்டரையும் பயன்படுத்து என்று டிக் செய்தால் முடிந்தது.

நல்ல வழிதான், நானும் சிலருக்கு அப்படித்தான் அமைத்துக் கொடுக்கிறேன். திரை அளவுகள் சரியாகப் பொருந்தும். கெஸ்ட் விண்டோஸ் ப்ரோ ஆக இருக்க வேண்டும், ஹோம் ஆகாது. ஆனால் டோக்கன் இருக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்ததும் விண்டோஸ் ஸ்மார்ட் கார்டை (டோக்கனும் அதன் கணக்கில் ஸ்மார்ட் கார்டுதான்) கெஸ்ட்டில் தேடாது, நீங்கள் எங்கிருந்து நுழைந்தீர்களோ அந்த மெஷினில் தேடும். கெஸ்ட்டிலேயே செருகிக் கொடுத்த டோக்கன் கண்ணுக்கே தெரியாது. வாங்கிய கடையில் போய்ச் சண்டை போடுவார்கள், டோக்கன் நன்றாகத்தான் இருக்கும். ஃபைலிங் கடைசி நேரத்தில் இது நடந்தால் பார்ட்டிக்கு யார் சமாதானம் சொல்வது?

ராயபுரம் வாசகர், மறுபடியும்: அப்போ ஹைப்பர்-வி?

அது மைக்ரோசாஃப்டின் விர்ச்சுவல் மெஷின் மென்பொருள். அதன் என்ஹான்ஸ்டு செஷன் என்ற இணைப்பு முறையிலும் எல்லா மானிட்டரையும் எடுக்கலாம். ஆனால் உள்ளே ஓடுவது அதே ரிமோட் டெஸ்க்டாப் முறைதான். டோக்கனைக் கெஸ்ட்டுக்கு நேரடியாகக் கொடுக்க அதில் வழியில்லை, ஸ்மார்ட் கார்டு பகிர்வு மூலமாகத்தான் போக வேண்டும். இந்த வாதத்தை இதோடு விடுவோம்.

எண்ணூர் வாசகர்: மானிட்டர் கவுண்ட் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, மாற்ற முடியவில்லை.

ஷட்டவுன். முதல் பதிலைப் படியுங்கள்.

கொளத்தூர் வாசகர்: எம்1 மேக்புக் ஏர். வெளி மானிட்டர் இரண்டு வேண்டும்.

அந்தச் சிப் நேரடியாக ஒரு வெளி மானிட்டரைத்தான் தாங்கும். இரண்டாவதுக்கு யுஎஸ்பி வழியாகப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் வேண்டும், அதற்கான டிரைவரும் மேக்கில்தான் போட வேண்டும்.

காசிமேடு வாசகர்: மானிட்டர் திடீர் திடீரென்று அணைந்து வருகிறது. கெஸ்ட்டில் என்ன மாற்ற வேண்டும்?

கெஸ்ட்டை விடுங்கள். கடற்காற்று படும் வீட்டில் முதலில் கேபிள் முனையைப் பாருங்கள். எச்டிஎம்ஐ பின்களில் பச்சை படிந்திருந்தால் கேபிளை மாற்றுங்கள், ஜன்னலோரம் மேஜை இருந்தால் நகர்த்துங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: டாலி லைசன்ஸ் விலை எவ்வளவு?

டாலி விற்பனையாளரிடம் கேளுங்கள்.

மணலி வாசகர்: இரண்டாவது திரை கறுப்பாகவே இருக்கிறது.

கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டீர்களா? போட்டிருந்தால் கிராபிக்ஸ் கன்ட்ரோலரைப் பாருங்கள்: விண்டோஸ் கெஸ்ட்டுக்கு விபாக்ஸ்-எஸ்விஜிஏ, லினக்ஸுக்கு விஎம்-எஸ்விஜிஏ. மாற்றும் முன் என்ன செய்ய வேண்டும் என்று எண்ணூர்க்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.